"போதும்" என்று சொல்வது யார்? பஃபே மேசையில் கற்ற வயிற்றுப் பாடம்

சென்ற மாதம் அக்கா மகளின் எட்டாவது பிறந்தநாளுக்காகச் சென்னையில் ஒரு பஃபே உணவகத்துக்குப் போயிருந்தோம். தலைக்கு 900 ரூபாய், வரி தனி. மேசையின் நடுவில் சின்னக் கரியடுப்பு. கம்பியில் கோத்த பனீரும் கோழித் துண்டுகளும் அதன்மேல் சுருசுருவென்று வெந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு குட்டிக் கொடி. கொடி நிமிர்ந்து நிற்கும்வரை கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். போதும் என்றால் அதைச் சாய்த்துவிட வேண்டும். ஏழு பேர் இருந்தோம். சாய்க்க ஒருவருக்கும் கை வரவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அத்தான் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். "வயிறு கல் மாதிரி இருக்கிறது. இனி ஒரு பருக்கை இறங்காது" என்றார். சொல்லி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, எழுந்து இனிப்பு வரிசைக்குப் போய்விட்டார். இரண்டு குலாப் ஜாமுன், ஒரு ரசமலாய், அதன்மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். சிரிக்க எனக்குத் தகுதியில்லை. அவருக்குப் பின்னால் கிண்ணத்தோடு நின்றது நான்தான்.

வீடு திரும்பும்போது காருக்குள் ஆளுக்கொரு விளக்கம். நாக்கை அடக்கத் தெரியாத குடும்பம் என்றார் அம்மா. தின்று தின்று வயிறு பெரிதாகிவிட்டது என்றாள் அக்கா. ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டதால் தூக்கம் வருகிறது என்றார் அத்தான். இந்த மூன்றையும் எல்லா வீடுகளிலும் கேட்கலாம். மூன்றுக்கும் அடியில் ஒரே தவறான படம் இருக்கிறது: வயிறு ஒரு பாத்திரம், அது நிறைந்ததும் உள்ளே ஒரு மணி அடிக்கும், நல்ல பிள்ளைகள் அந்த மணிக்குக் கட்டுப்படுவார்கள் என்ற படம்.

உள்ளே இருப்பது ஒரு மணி அல்ல. பல மணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொரு காரணத்துக்காக அடிக்கிறது. பஃபே அவை எல்லாவற்றின் சத்தத்தையும் மட்டுப்படுத்திவிடுகிறது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இரைப்பை குடம் அல்ல

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் வயிறு என்று நெஞ்சுக்குக் கீழே உள்ள அனைத்தையும் சொல்கிறோம். சாப்பாடு முதலில் போய்த் தங்கும் பைக்கு இரைப்பை என்று பெயர். இந்தக் கட்டுரையில் வரும் வேலைகளில் பாதி அங்கேதான் நடக்கிறது.

"வயிறு நிறைந்துவிட்டது" என்னும்போது மனத்தில் வருவது குடம். அதற்கு இவ்வளவுதான் கொள்ளளவு, அதற்கு மேல் வழியும். இரைப்பை அப்படி இல்லை. பலூன் என்றும் சொல்ல முடியாது; பலூனில் ஊத ஊத உள்ளே அழுத்தம் ஏறும். இரைப்பையோ உள்ளே வருவதற்கு இடம் விட்டுக்கொண்டே போகும். கூட்டமான பஸ்ஸில் நடத்துனர் "உள்ளே போங்கள், உள்ளே போங்கள்" என்று சொல்லச் சொல்ல எங்கிருந்தோ இடம் பிறக்கிறது அல்லவா? அதைப்போல, ஒரு கவளம் தொண்டையில் இறங்கும்போதே இரைப்பையின் மேல்பகுதித் தசைகள் தளர்ந்து கொடுக்கின்றன. இதை இரைப்பைத் தளர்வு என்போம்.

ஒன்றுமில்லாமல் இருக்கும்போது அந்தப் பையின் உள்ளளவு 50 முதல் 75 மில்லிலிட்டர்தான். அரை டம்ளர்கூட இல்லை. சாப்பிடும்போது ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்வரை பெரிய சிரமமில்லாமல் விரிந்துகொள்கிறது. ஆகவே இரண்டாவது தட்டோடு உட்கார்ந்தவர் "இன்னும் இடம் இருக்கிறது" என்றால் பொய் சொல்லவில்லை. இடம் அப்போதுதான் உண்டாகிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டது கீழே இறங்கியதும் பை பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு பஃபேயால் அது நிரந்தரமாகப் பெரிதாகிவிடாது. அக்காவின் விளக்கம் அதனால் அடிபடுகிறது.

விரியும் சுவருக்குள் இழுவையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை அனுப்பும் செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடித்தண்டுக்குப் போகிறது. வேகஸ் என்பது மூளையிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிறுவரை நீளும் ஒரு பெரிய நரம்பு. உள்ளுறுப்புகளுக்கும் மூளைக்கும் நடுவிலான தந்திக் கம்பி. நம் முதல் மணி இதுதான். இந்த மணிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது எவ்வளவு இடம் அடைந்திருக்கிறது என்பதை அறியுமே தவிர, அடைத்திருப்பது என்ன என்பதை அறியாது. ஒரு தட்டு வெள்ளரி, தக்காளித் துண்டுகள் அதைப் பலமாக அடிக்க வைக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அதன் கவனத்துக்கே வராமல் கடந்துவிடும். ஆனால் அந்த எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. (கலோரி என்பது உணவில் அடங்கிய ஆற்றலை அளக்கும் அலகு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன, கொழுப்பு 9.) பனீர் பட்டர் மசாலாவின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் நெய்யும், நானின்மேல் தடவிய வெண்ணெயும், முந்திரி அரைத்த குழம்பும் இந்த மணிக்குத் தெரியாமல் உள்ளே போகிறவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இரைப்பை இடம் கொடுத்துக்கொண்டே போகும் பை. அதன் மணி அளவுக்கு அடிக்கும், ஆற்றலுக்கு அடிக்காது. வட இந்திய பஃபே உணவோ சிறிய அளவில் அதிக ஆற்றலை அடக்கியது.

மொட்டை மாடித் தொட்டி

ஆற்றலைக் கவனிக்க ஆளே இல்லையா? இருக்கிறது, ஆனால் சற்றுத் தள்ளி. இரைப்பைக்கு அடுத்து வருவது சிறுகுடல். கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொட்ட பிறகுதான் அதன் சுவரிலிருந்து கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஹார்மோன் என்பது உடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு ரத்தம் வழியாக அனுப்பும் கடிதம். இந்தக் கடிதத்தில் இரண்டு வரிகள் உண்டு. இரைப்பைக்கு: "கதவைச் சற்று மூடு, மெதுவாக அனுப்பு." மூளைக்கு: "சத்துள்ளது வந்து சேர்ந்துவிட்டது." குடலில் இன்னும் கீழே போனால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் ஏறத்தாழ இதே செய்தியை அனுப்புகிறது. இப்போது எல்லோரும் பேசும் எடைக் குறைப்பு ஊசிகள் பல, இந்த ஜிஎல்பி-1 போலவே நடிக்கும் மருந்துகள்தாம்.

பிரச்சினை தூரமும் நேரமும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுவிட்ச் கீழே, தொட்டி மேலே. தொட்டி நிறைந்தது நமக்கு எப்படித் தெரிகிறது? வழியும் தண்ணீர் சன்ஷேடில் கொட்டும் சத்தம் கேட்டு. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் நான்கு குடம் வீணாகியிருக்கும். குடலிலிருந்து வரும் செய்தியும் இப்படித்தான். வாயில் போட்டதற்கும் குடல் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்புவதற்கும் இடையில் நிமிடங்கள் ஓடிவிடுகின்றன. "மூளைக்குத் தெரிய 20 நிமிடம் ஆகும்" என்று அடித்துச் சொல்வார்கள். அந்த எண்ணை அவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு ஸ்டாப்வாட்ச் ஓடி 20-இல் மணி அடிப்பதில்லை. செய்திகள் சிறுகச் சிறுகச் சேர்ந்து வலுக்கின்றன. ஆனால் தாமதம் உண்மை.

வீட்டில் இந்தத் தாமதத்துக்கு இடம் இருக்கிறது. தோசை ஒவ்வொன்றாகத்தான் கல்லிலிருந்து வரும். அடுத்த தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே ஒரு கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். பஃபேயில் காத்திருப்பே கிடையாது. மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, அடியில் விளக்கு எரிகிறது, எல்லாமே இந்த நிமிடமே சூடாகத் தயார்.

பட்டினியோடு போனால்

"பஃபே போகிறோம், அதனால் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை" என்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் இரண்டு பேர். அதிகம் சாப்பிட இடம் ஒதுக்குகிறார்களாம்.

காலி இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். இது நேர் எதிர்க் கடிதம்: "ஏதாவது அனுப்பு." நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி அது ஏறும். காலை உணவைத் தவிர்த்தவர் மதியம் ஒரு மணிக்கு உணவகத்தில் நுழையும்போது இந்தக் குரல் ஓங்கி ஒலித்துக்கொண்டிருக்கும். அதன் விளைவு வேகம். முதல் பத்து நிமிடத்தில், அதாவது குடலின் கடிதங்கள் கிளம்புவதற்கு முன்பே, பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. அதுவும் கோபி மஞ்சூரியனும் பொரித்த உருளைக்கிழங்கும். இடம் ஒதுக்கிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தை மாவிலும் எண்ணெயிலும் நிரப்பிவிட்டு, ஆசைப்பட்டு வந்த பிரியாணிக்கு முன்னால் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார்.

குலாப் ஜாமுனுக்கு மட்டும் தனி இடமா?

இப்போது அத்தான் விஷயத்துக்கு வருவோம். ஒரு பருக்கை இறங்காது என்ற வயிற்றில் மூன்று இனிப்புகள் எப்படி இறங்கின?

இதுதான் பஃபேயின் உண்மையான சூட்சுமம் என்பது என் எண்ணம். மற்றவை எல்லாம் துணைப் பாத்திரங்கள்.

ஒரு சிறிய சோதனை. நல்ல பசியில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சாப்பிடுங்கள், பனீர் டிக்கா என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டில் ஓரம் கருகிய வாசம், தயிரின் புளிப்பு, மிளகாய்த்தூளின் சுரீர் எல்லாம் தனித்தனியே தெரியும். நான்காவது துண்டில் அது வெறும் பனீர். ஏழாவது துண்டில் மெல்லுவது வேலை. பனீர் மாறவில்லை, பசியும் முழுக்கத் தீரவில்லை. அந்த ஒரு சுவையின்மேல் இருந்த ஆர்வம் மட்டும் வடிந்துவிட்டது. அதே நேரத்தில் பக்கத்தில் யாரோ பானிபூரி கொண்டுவந்தால் கண் அங்கே போகிறது.

இதற்குப் புலன்சார் நிறைவு என்று பெயர் வைக்கலாம்: எந்த உணவைச் சாப்பிடுகிறோமோ அதன் சுவை, மணம், நிறம், பதம் ஆகியவற்றின்மேல் மட்டும் ஏற்படும் அலுப்பு. மற்ற உணவுகள்மேல் ஆர்வம் அப்படியே இருக்கும். இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவர் பார்பரா ரோல்ஸ். அவரும் சக ஆய்வாளர்களும் 1981-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஒரே வகைச் சாண்ட்விச்சைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை உள்ளீடு வைத்துக் கொடுத்தபோது மக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ரொட்டி அதேதான். உள்ளே இருந்தது மட்டும் மாறியது. வேடிக்கை என்னவென்றால், ஒரே பாஸ்தாவை வெவ்வேறு வடிவத்தில் கொடுத்தால்கூட மக்கள் சற்றுக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இது நம் உடலின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பினால் எல்லாச் சத்தும் கிடைக்காது. "இது போதும், வேறு ஏதாவது தேடு" என்று நாக்கு சொல்வது, பல வகை உணவைத் தேடி அலைந்த காலத்தில் நமக்கு உதவியிருக்கும். அறுபது வகை உணவு ஒரே கூரையின்கீழ் சூடாகக் காத்திருக்கும் என்று அந்த ஏற்பாட்டுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

இப்போது பஃபே வரிசையை மறுபடி பாருங்கள். சாட் வகைகள் புளிப்பு, இனிப்பு, மொறுமொறு. அடுத்து கரியில் சுட்டவை. அடுத்து வெண்ணெய்க் குழம்பும் நானும். அடுத்து பிரியாணி. ஓர் ஓரத்தில் நூடுல்ஸ். இன்னோர் ஓரத்தில் ஒருவர் உங்கள் கண் முன்னாலேயே குட்டி தோசை வார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்கே இரண்டு பேர் கூடுதலாக வரிசையில் நிற்பார்கள். ஒரு சுவை அலுக்கத் தொடங்கும் அதே இடத்தில் அடுத்தது ஆரம்பிக்கிறது. கடைசியில் உப்பு, காரம், புளிப்பு எல்லாம் அலுத்த நாக்குக்கு இதுவரை தொடாத ஒரே வாசல் இனிப்பு. அத்தானின் "ஒரு பருக்கை இறங்காது" காரச் சாப்பாட்டைப் பற்றிய உண்மையான வாக்குமூலம். இனிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு இரைப்பைத் தளர்வும் சேர்ந்துகொள்கிறது; இன்னும் ஒரு கிண்ணத்துக்கு நடத்துனர் இடம் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்.

"நம் கல்யாணப் பந்தியிலும்தான் இருபது வகை இருக்கிறது" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பந்தியிலும் நாம் அதிகமாகத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் அங்கே சில தடுப்புகள் இருக்கின்றன. பொரியலும் கூட்டும் இலையின் மேல்பாதியில் ஒரு கரண்டி. கீழ்ப்பாதியை அடைப்பது சாதம், அது நான்கு முறை வந்தாலும் அதே சாதம். சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை உண்டு. மோர்ச் சாதம் வந்தால் கதை முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இலையை மடித்தால் வாளியோடு வருபவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் ஒருவர் நிற்பார். அவர் மூச்சு உங்கள் பிடரியில் படும். அதைவிடச் சிறந்த "போதும்" மணியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பஃபேயில் மடிக்க இலை இல்லை. தட்டு காலியானால் யாரோ ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எத்தனையாவது தட்டு என்பதற்கு மேசையில் தடயமே இருக்காது.

சுருக்கம்: வயிற்றின் மணி வேறு, நாக்கின் மணி வேறு. நாக்கின் மணி ஒவ்வொரு சுவைக்கும் தனித்தனி. சுவையை மாற்றினால் அந்த மணி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கொடுத்த காசு

மூன்றாவது தட்டை எடுக்கும்போது என் மனத்தில் ஓடியது பசி அல்ல, 900 ரூபாய். பில் எப்படியும் அதேதான். நிறுத்தினாலும் 900, தொடர்ந்தாலும் 900. எப்படி முடிவெடுத்தாலும் திரும்பி வராத செலவைப் பொருளாதாரத்தில் மீளாச் செலவு என்று சொல்லலாம். கணக்குப்படி, மீளாச் செலவு இனி எடுக்கப்போகும் முடிவில் தலையிடக் கூடாது. அடுத்த கரண்டி எனக்கு இன்பம் தருமா, துன்பம் தருமா என்பது மட்டுமே கேள்வி. ஆனால் மனம் கணக்குப் பிள்ளை அல்ல. "போட்ட காசை எடுக்க வேண்டும்" என்று ஒரு குரல். எடுத்து எங்கே வைக்க?

அன்று எங்கள் மேசையில் சரியாக நிறுத்தியவள் பிறந்தநாள்காரி ஒருத்திதான். அரை ஜிலேபியைத் தட்டில் வைத்துவிட்டு "எனக்குப் போதும்" என்றாள். உடனே நான்கு பெரியவர்கள் ஒரே குரலில்: "காசு கொடுத்திருக்கிறோம், இன்னும் கொஞ்சம் சாப்பிடு கண்ணு."

உள்ளே போன பிறகு: உண்ட மயக்கம்

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். அன்று காரில் ஓட்டியவரைத் தவிர எல்லோரும் தொண்டர்களே.

முதலில் இரைப்பையின் நிலைமை. அது உணவை ஒரேயடியாகக் குடலுக்குள் தள்ளுவதில்லை. பெரிய சினிமா தியேட்டரில் படம் முடிந்ததும் ஒரே ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறது. குடல் ஏற்றுக்கொள்ளும் வேகம் நிமிடத்துக்குத் தோராயமாக 1 முதல் 4 கலோரி. சாதாரணச் சாப்பாடு இறங்கவே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். பஃபே சாப்பாட்டில் கொழுப்பு அதிகம். கொழுப்பு குடலைத் தொட்டதும் "மெதுவாக அனுப்பு" என்ற கடிதம் போகும் என்று பார்த்தோம். ஆகவே மதியம் இரண்டு மணிக்கு எழுந்தவருக்கு இரவு எட்டு மணிக்கும் நெஞ்சில் கனம் இருப்பதில் வியப்பில்லை. கல் மாதிரி என்று அத்தான் சொன்னது மிகையல்ல.

பை இவ்வளவு விரிந்திருக்கும்போது அதன் மேல்வாசலும் தளரும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. அது மூடியிருக்கும்வரை அமிலம் கீழேயே இருக்கும். அதிகம் விரிந்த இரைப்பை அந்த வளையத்தை அவ்வப்போது திறக்க வைக்கிறது. அமிலம் மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கிறது. புளித்த ஏப்பம் என்பது இதுதான்.

தூக்கத்துக்கு வருவோம். சாப்பிட்ட பிறகு குடலுக்கு ரத்த ஓட்டம் கூடுவது உண்மை. ஆனால் அது மூளையிடமிருந்து பிடுங்கி எடுக்கப்படுவதில்லை. இதயம் சற்றுக் கூடுதலாக இறைக்கிறது. மூளை தன் பங்கை விடாமல் காத்துக்கொள்கிறது. சாப்பிட்டதும் மூளைக்கு ரத்தம் குறைந்துவிடும் என்றால் கல்யாண வீடுகளில் வரிசையாக மயங்கி விழுந்திருப்பார்கள். தூக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேதிச் செய்திகள்: குடலிலிருந்து வரும் அதே ஹார்மோன் கடிதங்கள், வேகஸ் நரம்பின் செய்திகள், ஏறிய சர்க்கரை. அதோடு, மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் நம் உடல் கடிகாரத்தில் இயல்பாகவே ஒரு சரிவு இருக்கிறது. சாப்பிடாதவருக்கும் அப்போது கண் சொக்கும். பஃபே மதியம் என்பது சரிவில் இறங்கும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவது.

ஒரே ஒரு முறை இப்படிச் சாப்பிட்டால் உடல் கெட்டுவிடுமா? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஆரோக்கியமான 14 இளைஞர்களுக்கு பீட்சா கொடுத்தார்கள். ஒரு நாள் திருப்தியாகும்வரை, இன்னொரு நாள் இனி ஒரு வாய்கூட முடியாது என்னும்வரை. முதல் நாள் சராசரி சுமார் 1,500 கலோரி, இரண்டாம் நாள் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆச்சரியம், இரண்டாம் நாள் ரத்தச் சர்க்கரை முதல் நாளைவிட ஏறவில்லை. ரத்தத்தில் கொழுப்பும் சற்றுத்தான் கூடியது. உடல் அதிக இன்சுலினைச் சுரந்து (இன்சுலின், சர்க்கரையை ரத்தத்திலிருந்து உடலின் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோன்) சமாளித்துவிட்டது. ஆனால் இந்தச் சமாளிப்பு ஆரோக்கியமான இளைஞர்களுடையது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்த இன்சுலின் ஏற்பாடே பழுது. அவர் இந்த ஆய்வைக் காட்டி ரசமலாய் கேட்க முடியாது. வாரந்தோறும் பஃபே போகிறவருக்கும் அது பொருந்தாது; பார்த்தது ஒரே ஒரு சாப்பாட்டைத்தான்.

சோடா, சோம்பு, பீடா

வெளியே வந்ததும் அத்தான் ஒரு சோடா குடித்தார். பெரிய ஏப்பம் வந்தது. "செரித்துவிட்டது" என்றார்.

செரிக்கவில்லை. வெளியே வந்தது சோடாவே கொண்டுபோன வாயுவும், அவசரமாகச் சாப்பிட்டபோது விழுங்கிய காற்றும். காற்று போனதால் கொஞ்ச நேரம் இலேசாக இருக்கும், அந்த ஆறுதல் பொய்யில்லை. சாப்பாடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்குச் சோடா கூடுதல் தொல்லை. ஏற்கெனவே விரிந்த பையை அது இன்னும் ஊதுகிறது. சோம்பு வாய்க்கு நல்ல மணம், அதற்கு மேல் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். வெற்றிலையோடு பாக்கு சேரும்போது விஷயம் வேறு: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

உதவுவது நடை. வேகமாக அல்ல, பேச்சு அறுபடாத நடை, கால் மணி நேரம் போதும். தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். உடனே படுக்கக் கூடாது. நிமிர்ந்திருக்கும்போது அமிலத்தைக் கீழேயே வைக்கப் புவியீர்ப்பு துணை நிற்கிறது. படுத்ததும் அந்தத் துணை போய்விடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது. அப்போதும் எரிச்சல் இருந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுக்கலாம்.

ஒன்றை மட்டும் வேடிக்கையில்லாமல் சொல்கிறேன். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அதை "கேஸ்" என்று சொல்லிச் சோடா கொடுத்து நேரம் கடத்தக் கூடாது. 108-ஐ அழையுங்கள். அதிகம் சாப்பிட்டதற்கும் மாரடைப்புக்கும் அறிகுறிகள் ஒன்றோடொன்று குழம்பும் இடம் இது.

மறுநாள் காலை எடைக் கருவி

மறுநாள் அக்கா போனில்: "ஒன்றரை கிலோ ஏறிவிட்டேன்!"

ஏறியது கொழுப்பு அல்ல. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர, செலவழித்ததற்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். மூவாயிரம் கலோரி சாப்பிட்டாலும் அதில் பெரும்பகுதி அன்றைய தேவைக்கே போய்விடும். பிறகு கருவி காட்டியது என்ன? இன்னும் வெளியேறாத உணவின் எடை ஒன்று. உப்பு இரண்டாவது, பஃபே குழம்புகளில் உப்பு அதிகம், அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். மூன்றாவது, உடல் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அக்கா அன்று முழுதும் பட்டினி கிடந்தாள். அடுத்த நாள் காலை ஒன்பது இட்லி சாப்பிட்டாள். கிரெலினிடம் கேட்டால் காரணம் சொல்லும்.

தட்டில்லாமல் ஒரு சுற்று

உள்ளே இருக்கும் மணிகள் தெரிந்தபின் சில வழிகள் தாமாகவே தோன்றுகின்றன. முதலில் தட்டில்லாமல் ஒரு முழுச் சுற்று வந்து, உண்மையில் ஆசைப்படும் நான்கைந்தை முடிவு செய்வது. ஒரு தட்டில் இரண்டு மூன்று வகைக்கு மேல் வைக்காமல் நாக்கின் அலுப்பை நமக்குச் சாதகமாக வேலை செய்யவிடுவது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்து குடலின் கடிதத்துக்கு நேரம் கொடுப்பது. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போவது. எனக்கு இதில் முதலாவது மட்டும் கைவந்திருக்கிறது, அதுவும் பாதி நாள்.

அன்றைக்குக் கொடியைக் கடைசியில் சாய்த்தது யார் என்று சொல்லவில்லையே. பிறந்தநாள்காரிதான். போதும் என்பதற்காக அல்ல. கம்பத்திலிருந்து கழற்றி விளையாடுவதற்காக. கம்பிகளோடு வந்துகொண்டிருந்த பையன் கொடியில்லாத மேசையைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்பினான். "தம்பி, இங்கே ஒன்று" என்று அத்தான் கையைத் தூக்கினார்.